விவரம் தெரியாத மக்களிடம் அரசியல் கருத்து கேட்டு என்ன பயன்?

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து, நடப்பு அரசியல் விஷயங்களில் சாதாரண மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டங்கள் நடத்தலாம் என்று இருக்கிறோம். "விவரம் தெரியாதவர்களைக் கூப்பிட்டுக் கேட்டு என்ன ஆகப்போகிறது?" என்று எங்களிலேயே ஒருவர் கேட்கிறார். உண்மையில் பயன் உண்டா? எப்படி அழைப்பது?

பயன் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் உங்கள் நண்பரின் சந்தேகத்தைச் சும்மா ஒதுக்கிவிடாதீர்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது. இந்த மாதிரிக் கூட்டங்களில் குறிப்பு எடுக்கும் வேலையும், சில நேரம் நடத்தும் வேலையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எனக்குத் தெரிந்தவரை, கருத்தே இல்லாத மனிதர் என்று யாரும் கிடையாது. யாரைக் கூப்பிடுகிறோம், எதைக் கேட்கிறோம், கேட்டு முடித்தபிறகு என்ன செய்கிறோம் என்ற மூன்றில் ஒன்றில்தான் காரியம் கெட்டுப்போகிறது.

முதலில் நண்பரின் பக்கம். அமெரிக்காவில் ஜார்ஜ் பிஷப் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1970களின் கடைசியில் ஒரு சோதனை செய்தார்கள். "1975ஆம் ஆண்டு பொது விவகாரச் சட்டத்தை ரத்து செய்யலாமா?" என்பது கேள்வி. அப்படி ஒரு சட்டமே கிடையாது. இருந்தாலும் கேட்கப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் 'செய்யலாம்', 'கூடாது' என்று ஏதோ ஒரு பதில் சொல்லிவிட்டார். பார்த்தீர்களா, மக்கள் இப்படித்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே ஆய்வில், "இதைப் பற்றி உங்களுக்குக் கருத்து ஏதும் உண்டா, இல்லையா?" என்று முதலில் கேட்டபோது அப்படிப் பதில் சொன்னவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. 'தெரியாது' என்று சொல்ல இடம் கொடுத்தால் மக்கள் நேர்மையாகவே 'தெரியாது' என்கிறார்கள். இடம் கொடுக்காமல் நெருக்கினால், எதிரே இருப்பவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று எதையாவது சொல்லி வைக்கிறார்கள். அந்தப் பதிலுக்கான பொறுப்பில் பெரும்பங்கு கேட்டவருடையது.

அதனால் 'இந்த மசோதாவை ஆதரிக்கிறீர்களா?' என்று தொடங்கவே வேண்டாம். அந்த மசோதா தொடுகிற வாழ்க்கையைக் கேளுங்கள். பொதுப் போக்குவரத்து பற்றிய ஒரு கூட்டத்தில் கடைசி வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஒலிவாங்கி அவரிடம் வந்ததும், "எனக்கு அரசியல் எல்லாம் தெரியாதுங்க" என்று சொல்லி அடுத்தவரிடம் தள்ளினார். நடத்தியவர் விடவில்லை. "அரசியல் வேண்டாம் அக்கா, வேலை முடிஞ்சு எப்படி வீட்டுக்குப் போறீங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். கடைசி வண்டியில் ஆள் ஏறுவதே இல்லை, அதனால் அதை நிறுத்தப்போகிறோம் என்று அதற்குச் சற்று முன்புதான் ஓர் அதிகாரி கணக்கோடு விளக்கியிருந்தார். அந்தப் பெண் சொன்னார்: "எனக்கு ஒன்பது மணிக்கு வேலை முடியுது. வண்டி எட்டே முக்காலுக்கே போயிடுது. அப்புறம் அதுல எப்படிங்க ஆள் இருக்கும்? என்னோட வேலை பார்க்கிற அத்தனை பேரும் நடந்துதான் போறோம்."

அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அதிகாரியின் கணக்கு தப்பில்லை. வண்டியில் ஏறியவர்களை எண்ணியிருந்தார்கள், ஏற முடியாதவர்களை எண்ண வழியில்லாமல் போயிருந்தது. போக்குவரத்துக் கொள்கை பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம்தான் அந்தக் கொள்கையில் இருந்த ஓட்டை தெரிந்தது. இதற்காகத்தான் நான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன்.

சரி, எல்லாக் கேள்விகளும் வீட்டுக்குப் போகும் வண்டியைப் போலக் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்காது. தேர்தல் முறை, வரி, கருக்கலைப்புச் சட்டம் போன்றவற்றில் என்ன செய்வது? அங்கே நேரமும் தகவலும் கொடுக்க வேண்டும். கொடுத்தால் சாதாரண மக்களால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அயர்லாந்தைப் பாருங்கள். 2016இல் அங்கே ஒரு குடிமக்கள் பேரவை அமைத்தார்கள். வாக்காளர்களிலிருந்து வயது, பாலினம், வட்டாரம், சமூக நிலை எல்லாம் நாட்டோடு ஒத்துவருகிற மாதிரி 99 பேர், தலைவராக மேரி லஃபோய் என்ற நீதிபதி. வார இறுதிகளில் கூடினார்கள். மருத்துவர்கள், சட்டம் படித்தவர்கள், இரு தரப்பு இயக்கத்தினர், நேரடியாகப் பாதிக்கப்பட்ட பெண்கள் என்று எல்லாரும் சொன்னதைக் கேட்டார்கள். அப்புறம் சிறுசிறு வட்டங்களாக உட்கார்ந்து பேசினார்கள். அரசியல்வாதிகள் பல ஆண்டுகளாகத் தொடவே பயந்த கருக்கலைப்புத் தடையை அரசியலமைப்பில் அப்படியே வைத்திருக்கக் கூடாது என்று 2017இல் பரிந்துரைத்தார்கள். இது நாட்டு மனநிலைக்கு ரொம்பத் தள்ளி இருக்கிறது என்று அப்போது பலரும் சொன்னார்கள். 2018 மே 25 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் மாற்றத்துக்கு வாக்களித்தார்கள். தீர்ப்பு சரியா தவறா என்பதில் உங்களுக்கு வேறு எண்ணம் இருக்கலாம். நான் கவனிக்கச் சொல்வது, அந்த 99 பேர் நாட்டின் மனதை நாடாளுமன்றத்தைவிடச் சரியாகப் படித்திருந்தார்கள் என்பதை.

இனி, யாரைக் கூப்பிடுவது? பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான். 'அனைவரும் வருக' என்று அறிவிப்பு ஒட்டிவிட்டால் அனைவரும் வந்துவிட மாட்டார்கள். ஏற்கெனவே பேசிப் பழகியவர்கள், நேரம் இருப்பவர்கள், கோபத்தில் இருப்பவர்கள் வருவார்கள். எண்ணிக்கை பெரிதாக இருந்தால் இது சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 1936இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதை வைத்து அதிபர் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்று சொன்னார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவேட்டிலும் இருந்து பெயர்களைத் திரட்டியிருந்தார்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யாராக இருந்திருப்பார்கள்? போதாக்குறைக்கு, சீட்டைப் பெற்றவர்களில் நிரப்பி அனுப்பும் அளவுக்கு ஆர்வம் இருந்தவர்கள் ஒரு மாதிரி, மற்றவர்கள் வேறு மாதிரி. அதே தேர்தலில் அதைவிடப் பல மடங்கு குறைவான பேரிடம் கேட்டு, ஆனால் ஆட்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து, ஜார்ஜ் கேலப் என்ற கருத்துக்கணிப்பாளர் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார்.

உங்கள் கூட்டத்துக்கு 40 பேர் போதும். அந்த 40 பேரில், தானாக வந்திருக்கவே மாட்டார் என்று நீங்கள் நினைக்கிறவர்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். அவர்களைத் தேடிப்போய் நேரில் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது வராததற்கான காரணத்தையும் கேளுங்கள். 'ஆர்வம் இல்லை' என்று நாம் எழுதி வைத்திருப்பதன் பின்னால் பெரும்பாலும் இரவு வேலையோ கைக்குழந்தையோ படுக்கையில் கிடக்கும் பெரியவரோ இருப்பார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும், போக வர ஒரு வண்டியும் ஏற்பாடு செய்தால் யார் வருகிறார்கள் என்பதே மாறிவிடும். வசதிக்காக உங்கள் நண்பர்களின் நண்பர்களைக் கொண்டு இருக்கைகளை நிரப்பும் ஆசை வரும், வேண்டாம். நான் சொன்ன அதே ஐரிஷ் பேரவையில்கூட, ஆள் சேர்க்கும் வேலையில் இருந்த ஒருவர் தனக்குத் தெரிந்தவர்கள் வழியாக 7 பேரைச் சேர்த்தது 2018இல் தெரியவந்து பெரிய சர்ச்சையானது.

இன்னொரு காரணம் பயம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வேலை கொடுப்பவர், வீட்டு உரிமையாளர், உள்ளூரில் செல்வாக்கு உள்ளவர் ஆகியோர் இருக்கும் அறையில் சிலர் கடைசிவரை தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள். குறிப்பேட்டில் பெயர் வேண்டாம், படம் எடுக்க வேண்டாம், முதல் அரை மணி நேரம் நாலைந்து பேர் கொண்ட வட்டங்களாகப் பேசட்டும். பெரிய அறையில் வாயே திறக்காதவர் அங்கே பேசுவார். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "போக்குவரத்து வசதிக் குறைபாடு குறித்துக் கவலை தெரிவித்தார்" என்று எழுதிவிட்டால், எட்டே முக்கால் மணி வண்டி அந்த வரியிலேயே தொலைந்துபோகும்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை (பெரிய திட்டங்களால் சுற்றுச்சூழலுக்கு வரும் பாதிப்பை எப்படி மதிப்பிடுவது என்ற விதிகளின் வரைவு) வந்தபோது மக்களிடம் கருத்து கேட்டார்கள். வரைவு இருந்தது ஆங்கிலத்திலும் இந்தியிலும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. படிக்கவே முடியாத ஒன்றைப் பற்றி ஒருவரால் என்ன கருத்து சொல்ல முடியும்? சொந்த மொழியில் இருந்தாலும் அதிகாரிகளின் நடையில் இருந்தால் அதே கதைதான். பேசப்போகும் விஷயத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எதிரெதிர் வாதங்கள் இரண்டும் அதில் இருக்கட்டும். கூட்டத்துக்கு வரப்போகிற ஒருவரிடம் முதலில் படித்துக் காட்டுங்கள், அவருக்குப் புரியாத வரியை மாற்றி எழுதுங்கள்.

கடைசியாக, கேட்ட பிறகு. நல்லெண்ணத்தோடு தொடங்கிய முயற்சிகள் பல செத்துப்போனது இங்கேதான். பிரான்ஸில் 2019-20இல் குலுக்கல் முறையில் 150 பேரைத் தேர்ந்தெடுத்துப் பருவநிலை மாற்றம் பற்றிப் பேச வைத்தார்கள். 149 பரிந்துரைகள் தந்தார்கள். வடிகட்டாமல் எடுத்துச் செல்வேன் என்று அதிபர் மக்ரோன் வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு சில கைவிடப்பட்டன, பல நீர்த்துப்போயின. 2021இல் தங்கள் பரிந்துரைகளை அரசு நடத்திய விதத்துக்கு அந்த உறுப்பினர்களே மதிப்பெண் போட்டபோது சராசரி 10க்கு 3.3. இத்தனைக்கும் அவர்கள் வெறுப்போடு வந்தவர்கள் அல்ல, மாதக்கணக்கில் உழைத்தவர்கள். எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது முடியாது. ஏற்காததற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். என்னவாயிற்று என்றே தெரியாவிட்டால் அடுத்த முறை அந்த மனிதர் வர மாட்டார், பக்கத்து வீட்டுக்காரரையும் வர விடமாட்டார்.

ஆகவே அழைக்கும்போதே உங்களால் என்ன முடியும், என்ன முடியாது என்று சொல்லிவிடுங்கள். 'உங்கள் குரல் ஆட்சியை மாற்றும்' என்றெல்லாம் எழுதாதீர்கள். 'நீங்கள் சொல்வதை எழுதி இன்னாரிடம் கொடுப்போம், அவர் சொல்லும் பதிலை இந்தத் தேதிக்குள் உங்களிடம் கொண்டுவருவோம்' என்று எழுதுங்கள். கூட்டம் முடிந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு பக்கத் தாள் வந்தவர் எல்லோருடைய கைக்கும் போகட்டும்: சொன்னது என்ன, நடந்தது என்ன, நடக்காதது ஏன். பதில் வரவில்லை என்றால் 'பதில் வரவில்லை, மீண்டும் கேட்டிருக்கிறோம்' என்றே எழுதுங்கள். யாருடைய கருத்து ஏற்கப்படவில்லையோ அவர்களை நேரில் பார்த்துச் சொல்லுங்கள், அதையே முதலில் செய்யுங்கள். ஏற்கப்பட்டவர்களுக்கு ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை.