கேம் கன்சோலின் தயாரிப்புச் செலவைப் பிரித்துப் பார்த்துச் சொல்கிறார்களே, அந்தக் கணக்கை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் அது எதற்கான கணக்கு என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். கல்லூரி ப்ராஜெக்டுக்காகவோ, கடையில் சொன்ன விலை அதிகம் என்று தோன்றியோ கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். நான் பதினோரு வருடம் காஸ்டிங், அதாவது ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடும் வேலை பார்த்தவன். ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சத்தியவேட்டில் வீடு, தடா பக்கம் எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பெயர் வேண்டாம்.

முதலில் உங்கள் கேள்விக்கு. 2006-ல் ப்ளேஸ்டேஷன் 3 வந்தபோது ஐசப்ளை என்ற சந்தை ஆய்வு நிறுவனம் அதைப் பிரித்து, உள்ளே இருந்த ஒவ்வொரு பாகத்துக்கும் விலை போட்டது. 20 ஜிபி மாடலுக்குச் செலவு 805.85 டாலர். கடை விலை 499 டாலர். ஒரு பெட்டி விற்றால் முந்நூறு டாலருக்கு மேல் சோனிக்கு நஷ்டம் என்று எல்லாரும் எழுதினார்கள். கிராபிக்ஸ் சிப் 129, செல் ப்ராசஸர் 89, ப்ளூ-ரே டிரைவ் 125 என்று வரி வரியாக இருந்தது. கன்ட்ரோலரும் கேபிளும் அட்டைப்பெட்டியும் அதில் சேரவில்லை.

இதைப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. சிப்பின் விலை நிலையாக நிற்காது. வேஃபர் என்ற வட்டமான சிலிக்கான் தகட்டில் எத்தனை சிப் வெட்டுகிறோம், அதில் எத்தனை தேறுகிறது, இரண்டும் சேர்ந்துதான் விலை. வெட்டியதில் தேறும் பங்கை யீல்டு என்போம். செல் ப்ராசஸரில் துணைக் கோர்கள் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) எட்டு இருந்தும் ப்ளேஸ்டேஷன் 3-ல் ஏழைத்தான் பயன்படுத்தினார்கள். ஒன்று பழுதானாலும் அந்தச் சிப்பைத் தூக்கிப் போடாமல் விற்கலாம் என்பதற்காக. பிறகு தயாரிப்பு நுட்பத்தை 90 நானோமீட்டரில் இருந்து 65, அப்புறம் 45 என்று மாற்றிச் சிப்பைச் சிறியதாக்கினார்கள், ஒரே வேஃபரில் அதிகச் சிப் வெட்ட முடிந்தது. 2009-ல் வந்த ஸ்லிம் மாடலுக்கு அதே ஐசப்ளை சொன்ன செலவு சுமார் 336 டாலர், கடை விலை 299. மூன்றே வருடத்தில் செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆக, கணக்கு எந்தத் தேதியில் போட்டது என்று பார்க்காமல் பேசக் கூடாது. 2013-ல் ப்ளேஸ்டேஷன் 4-க்கு வந்த கணக்கு 381 டாலர், விற்ற விலை 399. அதில் ப்ராசஸர் 100, மெமரி 88. இரண்டு வரியிலேயே கிட்டத்தட்ட பாதிப் பணம்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2017-ல் டிவியில் சொருகி விளையாடும் சின்ன கேம் பெட்டி ஒன்றுக்கு எங்களிடம் கோட்டேஷன் கேட்டார்கள். 20,000 பீஸ் என்றார்கள். பாகங்கள் 1,140 ரூபாய், அசெம்பிளியும் டெஸ்டிங்கும் 95. மேல்மூடி வார்க்க அச்சு செய்ய வேண்டும், அது 18 லட்சம். 20,000-ஆல் வகுத்தால் பீஸுக்கு 90. லாபம் 95 வைத்து 1,420 என்று அனுப்பினேன். ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து போட்ட கணக்கு அது.

ஆர்டர் வந்தது 6,000 பீஸுக்கு. அதே 18 லட்சம் இப்போது பீஸுக்கு 300. அந்த வருடம் மெமரி விலையும் ஏறிக்கொண்டே போனது. கோட்டேஷன் 15 நாளைக்குத்தான் செல்லும் என்று சப்ளையர் எழுதியிருந்தார், எங்கள் ஆட்கள் இரண்டு மாதம் கழித்து ஆர்டர் போட்டார்கள். அதில் பீஸுக்கு 60 ரூபாய் கூடியது. மொத்தம் 270 கூடுதல். லாபம் போக பீஸுக்கு 175 ரூபாய் கையை விட்டது, பத்தரை லட்சம் நஷ்டம். மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் மேனேஜர் என்னைப் பார்த்து "லெக்க தப்பு" என்றார். கணக்கு தப்பில்லை. 20,000 பீஸுக்கு மட்டும் என்று இரண்டாவது ஷீட்டில் எழுதியிருந்தேன், அதை யாரும் திறக்கவில்லை. முதல் ஷீட்டிலேயே எழுதியிருக்கலாமே என்று இங்கே யாராவது கேட்பீர்கள். எழுதியிருக்கலாம். ஆனால் ஆர்டர் எண்ணிக்கை மாறியபோது விலையை மறுபடி கேட்காமல் கையெழுத்துப் போட்டது நான் இல்லை. அந்த வருட இன்க்ரிமென்ட் எனக்கு மட்டும் வரவில்லை.

அதோடு விடவில்லை. 2019-ல் ஆந்திராவில் 75 சதவீத வேலை உள்ளூர்க்காரர்களுக்கு என்று சட்டம் வந்ததும் ஹெச்ஆரில் இருந்து கூப்பிட்டு, நான் உள்ளூர்தான் என்பதற்குச் சான்றிதழ் கேட்டார்கள். டிப்ளமோ தமிழ்நாட்டில் படித்தேன், வீட்டில் தமிழ் பேசுகிறேன், அதுதான் சந்தேகம். என் தாத்தா இதே ஊரில், செங்கல்பட்டு ஜில்லாவாக இருந்த காலத்திலேயே நிலம் வைத்திருந்தவர். 1960 ஏப்ரல் 1-ல் எல்லையை மாற்றி எங்களை ஆந்திராவில் சேர்த்தார்கள், திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது. நாங்கள் நகரவே இல்லை. இங்கே எங்களை அரவவாளு, அதாவது தமிழ்க்காரர்கள் என்பார்கள், சென்னைக்கு இன்டர்வியூ போனால் தெலுங்கா என்று கேட்பார்கள். அந்தச் சான்றிதழுக்காக நான்கு நாள் லீவு போட்டு அலைந்தேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிரித்துப் பார்த்து வரும் கணக்கில் சர்க்யூட் பலகையில் உட்கார்ந்திருக்கும் பாகம் தெரியும். சிப் வடிவமைக்க ஆன வருடங்கள், அச்சுச் செலவு, கப்பல் வாடகை, வாரண்டியில் திரும்பி வரும் பீஸ், கடைக்காரரின் கமிஷன், நம் ஊரில் சுங்கவரி, ஜிஎஸ்டி எதுவும் அதில் தெரியாது. நீங்களே ஒரு பெட்டிக்குக் கணக்குப் போடுவதானால் ப்ராசஸர், மெமரி, டிரைவ், பவர் சப்ளை நான்கையும் முதலில் பிடியுங்கள். ஸ்க்ரூவையும் ரெசிஸ்டரையும் எண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம். எத்தனை பீஸுக்கு, எந்த மாதத்து விலையில் என்பதை முதல் ஷீட்டின் முதல் வரியில் எழுதுங்கள். நான் இப்போது அதைத் தடித்த எழுத்தில் போட்டு, மெயிலிலும் ஒரு தடவை எழுதித்தான் அனுப்புகிறேன்.