போல்ட் ஏறிவிட்டதாம், அப்புறம் என்ன? பக்கி எஞ்சின் கேள்வி-பதில்

பக்கி, அதாவது நம் தென்னாப்பிரிக்காவின் பிக்கப் வண்டி, அதன் எஞ்சினைப் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஒரு எஞ்சினின் ஹெட் (மேல் பாகம்), இன்னொன்றின் ப்ளாக் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்), மூன்றாவதின் கிராங்க் (அடியில் சுழலும் தண்டு). ஸ்க்ராப் யார்டில் கண்ணில் பட்டதை எல்லாம் அள்ளி வந்து வாசலில் பரப்பிவிட்டு, அதற்கப்புறம் "இது பொருந்துமா?" என்று எழுதுகிறீர்கள். வாங்கும் முன்பே கேட்டிருந்தால் உங்களுக்கு ராண்ட் மிச்சம், எனக்கு எரிச்சல் மிச்சம். சரி, பார்ப்போம்.

கே: டொயோட்டா ஹைலக்ஸ் 2.4 டீசல், 2எல் எஞ்சின். 3எல் கிராங்க் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதைப் போட்டால் மலை ஏற இழுவை கூடும், பிஸ்டனும் அதைக் கிராங்கோடு இணைக்கும் ராடும் பழையதே போதும் என்கிறார் மாமா. செய்யலாமா? (வெருலம்)

மாமாவிடம் ஒரு காகிதமும் பென்சிலும் கொடுங்கள். 2எல் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 92 மி.மீ., 3எல் ஸ்ட்ரோக் 96. வித்தியாசம் 4. அதில் பாதி மேலே, பாதி கீழே. ஆக, உங்கள் பழைய பிஸ்டன் இரண்டு மி.மீ. கூடுதலாக மேலே வந்து நிற்கும். டீசலில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே விடும் இடமே சுமார் ஒரு மி.மீ.தான், மிச்சத்துக்கு எங்கே போவது? கையால் கிராங்கைச் சுற்றிப் பார்க்கிறவனுக்கு 'டக்' என்று இடிக்கும் சத்தத்தோடு பாடம் முடியும். பார்க்காமல் ஸ்டார்ட்டரை அடிக்கிறவனுக்கு ராடு வளைந்து முடியும். 3எல் வேண்டுமென்றால் 3எல் எஞ்சினையே முழுதாகத் தூக்கிப் போடுங்கள். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 96, 2.8 லிட்டர், அதே குடும்பம், பெரிய தலைவலி இல்லை. எதைச் சேர்த்துப் பூட்டினாலும் ஸ்பார்க் பிளக்கோ க்ளோ பிளக்கோ போடாமல் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், இன்னும் சொல்வேன்.

கே: டொயோட்டா 3ஒய் பெட்ரோல் எஞ்சின் ப்ளாக்கை 4ஒய் பிஸ்டன் போகும் அளவுக்குப் போர் செய்ய (கடைந்து அகலமாக்க) முடியுமா? (சாட்ஸ்வர்த்)

முடியாது. 3ஒய் போர் 86 எங்கே, 4ஒய் போர் 91 எங்கே? ஓவர்சைஸ், அதாவது கூடுதலாகக் கடைவது, அரை மி.மீ., மிஞ்சினால் ஒன்று. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 86தான் என்பதை எங்கோ படித்துவிட்டு ஆசைப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐந்து மி.மீ. எடுத்தால் சிலிண்டர் சுவரில் மிச்சம் ஒன்றும் இருக்காது.

கே: அண்ணா, என் 22ஆர் ப்ளாக் 1990க்குப் பிந்தையது. டைமிங் கவர் (முன்பக்கத்தில் டைமிங் செயினை மூடியிருப்பது) ஓட்டையாகிவிட்டது. பக்கத்து வீட்டில் 1982 எஞ்சின் ஒன்று பிரித்துக் கிடக்கிறது, டபுள் செயின், நல்ல கனமான சாமான். அந்தக் கவர், செயின், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் என் ப்ளாக்கில் மாற்றிக்கொள்ளலாம்தானே? இரண்டும் 22ஆர்தானே? (டோங்காட்)

'இரண்டும் 22ஆர்தானே' என்ற இந்த வாக்கியத்துக்கு ஒரு ராண்ட் வீதம் யாராவது கொடுத்திருந்தால் நான் இன்றைக்கு உம்ஹ்லாங்காவில் கடல் பார்த்த வீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

தம்பி, பெயர் ஒன்று, எஞ்சின் இரண்டு. 1985இல் டொயோட்டா இந்த எஞ்சினை நன்றாகவே மாற்றியது. போர் 92, ஸ்ட்ரோக் 89, 2366 சி.சி., இதெல்லாம் அப்படியே இருந்ததால்தான் குழப்பம். ப்ளாக்கின் உயரம் குறைந்தது. அதோடு ஹெட், டைமிங் செயின், கவர், வாட்டர் பம்ப், ஆயில் பம்ப் எல்லாம் மாறின. ஆயில் பம்பின் உள்ளே சுற்றும் கியர் மட்டும் ஒன்றேதான், வெளி உடல் வேறு. டபுள் செயினை விட்டுவிட்டு சிங்கிள் செயினுக்கும் பிளாஸ்டிக் கைடுக்கும் போனது அதற்கும் முன்னால், 1983இல். ஆகையால் 1983, 84 எஞ்சின்கள் இரண்டுங்கெட்டான்: ப்ளாக் பழைய உயரம், செயின் புது மாதிரி. இவை எல்லாம் தொழிற்சாலைக் கணக்கு. உங்கள் வண்டிப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் ஆண்டை நம்பாதீர்கள். நம் ஊரில் எத்தனை பக்கிகளில் பிறந்தபோது இருந்த எஞ்சினே இன்னும் இருக்கிறது? ப்ளாக்கில் அடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள், வார்ப்பில் தெரியும் எண்ணைப் படியுங்கள், ப்ளாக்கின் உயரத்தை அளந்து பாருங்கள்.

பழைய கவரை உங்கள் ப்ளாக்கில் வைத்தால் கீழே இருக்கும் போல்ட்டுகள் சில ஏறவே செய்யும். அதுதான் ஆபத்து. கவரின் தலை ப்ளாக்கைவிட உயர்ந்து நிற்கும், மேலே ஹெட் உட்காராது. பல வருடம் முன்பு நானே இதில் மாட்டினேன். பார்ட்ஸ் கடை கவுன்டரில் இருந்தவர் "எண்பத்தொன்றிலிருந்து தொண்ணூற்றைந்து வரை எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார், பெட்டி மேலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து என் உதவியாளர் அந்தக் கவர் தலையைக் கிரைண்டரால் தேய்த்துச் சமன் செய்துவிட்டார்! வண்டி ஓடியது, இரண்டு வாரம். அப்புறம் முன்பக்கத்தில் கேஸ்கெட் வழியாக எண்ணெய் கசிய ஆரம்பித்து, ஹெட்டை மறுபடி இறக்கி, எல்லாவற்றையும் என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். பெட்டியில் அச்சடித்தவன் வந்து ஒரு போல்ட்கூடக் கழற்றவில்லை.

இன்னொன்று, உங்கள் கவர் ஏன் ஓட்டையானது என்று யோசித்தீர்களா? செயின் நீண்டு, அதை இறுக்கி வைக்கும் டென்ஷனருக்கு இழுக்க இடமில்லாமல் போய், இடது பக்கத்துப் பிளாஸ்டிக் கைடு உடைந்து, தளர்ந்த செயின் கவரின் உட்சுவரை அறுத்து, வாட்டர் பம்ப்புக்குப் பின்னால் ஓடும் தண்ணீர்ப் பாதை வரை போயிருக்கிறது. தண்ணீர் நேராக எண்ணெய்த் தொட்டியில் இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கில் பால் டீ நிறம் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் கவர் மட்டும் மாற்றிப் பயனில்லை, பேரிங்குகளை இறக்கிப் பாருங்கள். 1985க்குப் பிந்தைய கவர், செயின், கியர், டென்ஷனர், இரும்பு முதுகு வைத்த கைடுகள், எல்லாம் ஒரே செட்டாக வாங்குங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் முன்பக்கத்தில் சலசலவென்று சத்தம் கேட்டால் அது கைடு போடும் கூச்சல், ரேடியோ சத்தத்தைக் கூட்டி அதை மறைக்காதீர்கள். சுமார் ஒன்றரை, இரண்டு லட்சம் கிலோமீட்டருக்குள் கவரைக் கழற்றி ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

கே: ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் நன்றாக ஓடிய என் பெட்ரோல் ஹைலக்ஸ், டர்பனுக்குக் குடிவந்ததிலிருந்து மேடு ஏறினால் கிணுகிணுக்கிறது. வேறு எஞ்சினின் ஹெட் போட்டது, இரண்டு முறை ஸ்கிம் செய்தது (அடிப்பரப்பைச் சீவிச் சமன் செய்தது). பெட்ரோல் கெட்டதா?

பெட்ரோல் மேல் பழி போடாதீர்கள். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம், அங்கே காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால்தான் மேட்டு நிலத்தில் 93 ஆக்டேனை வைத்துச் சமாளிக்கிறோம், கரையில் 95 விற்கிறது. இரண்டு முறை ஸ்கிம் செய்து எரி அறையைச் சிறிதாக்கிக் கம்ப்ரெஷனைக் கூட்டியிருக்கிறீர்கள். மெல்லிய காற்றில் தெரியாத தப்பு இங்கே கெட்டிக் காற்றில் தெரிகிறது. முதலில் 95 போட்டு, ஸ்பார்க் டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி பின்னுக்குத் தள்ளுங்கள். தீரவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி, எரி அறைக்குள் ப்யூரெட்டால் (அளவுக் குழாயால்) எண்ணெய் ஊற்றி அளந்து, எத்தனை சி.சி. என்று எழுதி அனுப்புங்கள். 'கொஞ்சம்தான் ஸ்கிம் செய்தேன்' என்பது அளவு இல்லை.

இதே கணக்கு லெசோத்தோவுக்கு ஏறும் சானி பாஸ் மலைப்பாதையில் போகிறவர்களுக்கும். உச்சி 2,876 மீட்டர். கடற்கரையில் 100 குதிரை இருந்தால் அங்கே 70தான் மிஞ்சும். மேலே போய் எஞ்சின் திணறுகிறது என்று கார்புரேட்டர் ஜெட்டைக் குடையாதீர்கள், கீழே இறங்கியதும் மறுபடி குடைய வேண்டியிருக்கும்.

கே: என் தம்பி 2எல் ப்ளாக்கில் 2எல்-2 ஹெட்டைப் போடப் போகிறான். இரண்டும் 2446 சி.சி., அதனால் சரி என்கிறான். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அக்காவின் சந்தேகம்தான் சரி. பழைய 2எல்லில் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே ராக்கர் ஆர்ம் என்ற நெம்புகோல் உண்டு, புதிய 2எல்-2இல் கேம் நேராகவே வால்வைத் தள்ளுகிறது. ஹெட், கேம், மேல் சாமான் எல்லாம் ஒரே செட்டாக வர வேண்டும், ஒன்றிலிருந்து கேமும் இன்னொன்றிலிருந்து கவரும் என்று பொறுக்கக் கூடாது. சூடேறிய ஹெட்டில் வால்வுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்யாமல் காசு கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கேஸ்கெட்டும் ஒரே தடிமனில் வருவதில்லை. பிஸ்டன் ப்ளாக்குக்கு மேல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று டயல் கேஜில் அளந்துதான் தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்ப்ரெஷன் சுமார் 22 இருக்கும் எஞ்சினில் குருட்டாம்போக்கு நடக்காது. டைமிங் பெல்ட்டும் புதியது போடட்டும், அது ஒரு லட்சம் கிலோமீட்டர் சாமான்.

கே: 491க்யூ சீன எஞ்சினின் பார்ட்ஸ் 4ஒய்க்கு ஆகுமா? (மெரிபேங்க்)

அது 4ஒய்யைப் பார்த்துச் செய்ததுதான், போர் ஸ்ட்ரோக் ஒன்றே. பலதும் ஆகும். ஆனால் 'ஆகும்' என்பதற்கு முன்னால் மைக்ரோமீட்டர் வர வேண்டும்.

கே: என் ப்ளாக்கின் மெயின் கேப் (கிராங்கை ப்ளாக்கோடு பிடித்து வைப்பது) ஒன்று உடைந்தது. வேறு ப்ளாக்கிலிருந்து எடுத்துப் போட்டேன், போல்ட் அழகாக ஏறியது.

ஏறும். கிராங்க் சுற்றுமா? கேப்களைப் பூட்டிய பிறகுதான் அந்தத் துளையைத் தொழிற்சாலையில் கடைகிறார்கள், ஆகவே ஒவ்வொரு கேப்பும் அதன் ப்ளாக்குக்கே பிறந்தது, இடம் மாற்றினாலே தப்பு. லைன் போரிங் (எல்லாத் துளைகளையும் ஒரே நேர்கோட்டில் கடைவது) செய்யும் இடத்துக்குக் கொண்டு போங்கள், இல்லையென்றால் வேறு ப்ளாக் தேடுங்கள்.

கே: என் பக்கி புகை விடுகிறது. எந்த பார்ட்டை மாற்றலாம்?

எந்த எஞ்சின், எந்த நிறப் புகை, காலையிலா, மேட்டிலா, எண்ணெய் குறைகிறதா? எதையும் எழுதாமல் கேட்டால் கேள்வியை மாற்றலாம் என்றுதான் சொல்ல முடியும்.

கே: எஞ்சின் மாற்றினால் காகிதத்தில் எழுத வேண்டுமா?

வேண்டும். எஞ்சின் எண் மாறினால் போலீஸ் கிளியரன்ஸ் எடுத்துப் பதிவிலும் மாற்ற வேண்டும். யார்டில் வாங்கும்போதே ரசீது கேளுங்கள். எண்ணை அரைத்துவிட்ட ப்ளாக்கை இனாமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கே: 22ஆர் ஹெட் வரவே மாட்டேன் என்கிறது. எல்லா போல்ட்டையும் எடுத்துவிட்டேன். கடப்பாரை போட்டு நெம்பலாமா? (ஃபீனிக்ஸ்)

எல்லாவற்றையும் எடுக்கவில்லை. கேம் கியருக்கு முன்னால் எண்ணெய் குட்டையாகத் தேங்கியிருக்கும் பள்ளம் தெரிகிறதா? துணியால் ஒற்றி எடுங்கள், அடியில் ஒரு போல்ட் இருக்கும், அது ஹெட்டை டைமிங் கவரோடு பிடித்து வைத்திருக்கிறது. கடப்பாரையை முதலில் கீழே வையுங்கள்.