குழுவில் யாருக்கு எந்த வேலை?

வணக்கம்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு நாள் பண்பாட்டுப் பயிற்சி நடத்துகிறோம். புதிய நாட்டுக்கு வருகிறவர்களுக்கு ஏற்படும் பண்பாட்டு அதிர்ச்சியின் நான்கு கட்டங்கள், நாடுகளின் பண்பாட்டை எண்களால் ஒப்பிடும் அட்டவணை, சில விளையாட்டுகள். நன்றாக இருந்தது என்று எல்லோரும் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் தங்கள் நாட்டுக்காரர்களோடு மட்டும்தான் சாப்பிட உட்காருகிறார்கள். வகுப்பில் வாய் திறப்பதில்லை. ஆசிரியர்கள் எங்களிடம் வந்து புகார் சொல்கிறார்கள். இந்த இரண்டு நாளில் என்ன கற்றுக்கொடுத்தால் இவர்கள் எல்லோரோடும் பழகுவார்கள்? நல்ல பாடத்திட்டம் ஒன்று சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் முதுகலை படிக்கும் என் அண்ணன் மகள் அந்த வாரம்தான் தொலைபேசியில் அழுதாள். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் பாடத்திட்டம்.

விளையாட்டுகள் இருக்கட்டும். முதல் வாரத்தில் நாலு பேர் முகம் தெரிந்தால் நல்லதுதான்.

நாடுகளை ஒப்பிடும் அட்டவணையை எடுத்துவிடுங்கள். கெர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற சமூக உளவியலாளர் அந்த எண்களுக்கு அடித்தளமாக வைத்தது 1967க்கும் 1973க்கும் இடையில் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் நடந்த கணக்கெடுப்பு. ஒரு நாட்டின் சராசரியைத் தனி மனிதர் மேல் ஏற்றக் கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். நீங்கள் அதை இருபது வயதுப் பிள்ளையின் முன்னால் வைத்து, உன் நாட்டார் இப்படி, ஆகவே நீயும் இப்படி என்கிறீர்கள். அந்தப் பிள்ளை ஊரைவிட்டுப் புறப்பட்டதே அப்படி இல்லாமல் இருப்பதற்காகவும் இருக்கலாம்.

அந்த நான்கு கட்டங்கள், கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பெண்கள் சங்கத்தில் பேசியதிலிருந்து பரவியவை. முதலில் தேனிலவு, பிறகு சரிவு, அப்புறம் மெல்ல மீட்சி, கடைசியில் ஊரோடு ஒன்றிப்போவது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உளவியலாளர் காலீன் வார்டும் அவருடைய குழுவினரும் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களை மாதக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 1998இல் எழுதியது வேறு. மனச்சோர்வு மிக அதிகமாக இருந்தது வந்து இறங்கிய உடனேதான். தேனிலவே இல்லை. உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஏற்கனவே கலங்கிப்போய் இருக்கிறது. இப்போது நீ மகிழ்ச்சியாக இருப்பாய், சோர்வு பின்னால் வரும் என்று அதற்கு நீங்கள் படம் வரைந்து காட்டினால், தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று அது நினைக்காதா?

சாப்பிட உட்காரும் விஷயத்தில் எனக்கு உங்கள் மேல் கோபமே வந்தது. நாள் முழுக்க இன்னொரு மொழியில் நினைத்து, பேசி, தப்பாகிவிடுமோ என்று பயந்து களைத்தவர்கள் அரை மணி நேரம் தன் மொழியில் சிரித்துவிட்டுப் போகட்டுமே. அதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? ஸ்டீபன் போக்னர் என்ற உளவியலாளர் 1977லேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார். வெளிநாட்டு மாணவருக்கு மூன்று நட்பு வட்டங்கள் உண்டு. சொந்த நாட்டவரின் வட்டம் அவரைத் தாங்குகிறது, உள்ளூர்க்காரர்களின் வட்டம் படிப்புக்கும் நடைமுறைக்கும் வழிகாட்டுகிறது, மற்ற வெளிநாட்டவரின் வட்டம் பொழுதுபோக்குக்கு. ஒன்று இன்னொன்றின் இடத்தை அடைப்பதில்லை. உள்ளூர் மாணவர்களும் தங்களுக்குள்ளேயே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். அதைப் பற்றி யாராவது உங்களிடம் புகார் சொன்னார்களா?

இப்போது என் அண்ணன் மகள். அவளுடைய பாடத்தில் பாதி மதிப்பெண் குழுவேலைக்கு. ஐந்து பேர் குழுவில் இவள் ஒருத்திதான் வெளிநாடு. முதல் கூட்டத்தில் மற்ற நான்கு பேரும் ஏற்கனவே அறிமுகமானவர்கள். இவள் ஒரு வாக்கியத்தை மனதில் சரிசெய்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. பத்தே நிமிடத்தில் வேலை பிரிந்தது. அவளுக்குக் கிடைத்தது மேற்கோள் பட்டியலைச் சரிபார்ப்பது, ஸ்லைடுகளை ஒழுங்கு செய்வது. அவள் இளங்கலையில் ஆய்வேடு எழுதியதே அந்தப் பொருளில்தான். யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஆசிரியர் எழுதிய குறிப்பு, பங்கேற்பு குறைவு. அவளைப் பேச்சுத் திறன் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மற்ற நான்கு பேரை எந்தப் பயிற்சிக்கும் அனுப்பவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நானும் பல நாட்டு மாணவர்கள் இருந்த வகுப்புகளில் பாடம் எடுத்திருக்கிறேன். அந்த முதல் பத்து நிமிடம் எங்கும் ஒரே மாதிரிதான் நடக்கும். வேகமாகப் பேசுகிறவர் தலைவர் ஆகிறார், அவருக்குத் தெரிந்தவர் முக்கியப் பகுதியை எடுத்துக்கொள்கிறார், தயங்கியவருக்கு மிச்சம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த மிச்சத்தை வாங்கியவர் எதைப் பேசுவார்? ஸ்லைடின் எழுத்து அளவைப் பற்றியா?

ஓபெர்க் பேசிய அதே 1954இல்தான் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் தன் கருத்தையும் எழுதினார். வெவ்வேறு கூட்டத்தாரை ஒரே அறையில் போட்டு வைத்தால் மட்டும் நெருக்கம் வராது. சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒருவரை ஒருவர் சார்ந்த உழைப்பு, மேலே இருப்பவர்களின் வெளிப்படையான ஆதரவு இவையெல்லாம் வேண்டும். எலியட் ஆரன்சன் என்ற இன்னொரு உளவியலாளர் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் இதைச் செயலாக்கினார். இனங்கள் புதிதாகக் கலந்த வகுப்புகள், ஒரே சண்டை. அவர் பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் குழுவில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஒருவரிடம் இருப்பது இன்னொருவரிடம் இல்லை. திக்கிப் பேசிய பிள்ளையைக் கேலி செய்தவர்கள், அவனிடம் கேட்டு வாங்கினால்தான் தேர்வு எழுத முடியும் என்றானதும் பொறுமையாகக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார்கள். ஒழுக்க உபதேசம் எதுவும் தேவைப்படவில்லை.

என் வகுப்பில் நான் இதை எளிமையாகச் செய்தேன். குழுக்களை நானே பிரித்தேன். வேலையைப் பிரிப்பதற்கு முன்னால், இந்தப் பொருளில் தனக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி மற்றவர்கள் படிக்க வேண்டும். பேசாமல் படிப்பதற்கு நேரம் ஒதுக்கினேன். கேள்வி கேட்டுவிட்டு உடனே பதிலை எதிர்பார்ப்பதை நிறுத்தினேன். ஊமைகள் என்று மற்ற ஆசிரியர்கள் சொன்ன பிள்ளைகள்தான் அந்த ஆண்டு என்னோடு அதிகம் வாதாடினார்கள்.

சரி, புதிதாக வந்தவர்களுக்கு எதுவுமே கற்றுக்கொடுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கற்றுக்கொடுங்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதிகளைச் சொல்லுங்கள். பேராசிரியரை எப்படி அழைப்பது, அவர் அறைக் கதவை எப்போது தட்டலாம், வகுப்பில் மறுத்துப் பேசினால் மரியாதைக் குறைவா, அடுத்தவர் எழுதியதை எடுத்தாள்வது எந்த இடத்தில் திருட்டாகிறது, புரியவில்லை என்றால் யாரிடம் போவது. இவற்றை எழுத்தில் கொடுங்கள். முதல் நாளில் பாதி மண்டைக்குள் போகாது. ஆறாவது வாரத்தில் மறுபடி கொடுங்கள். இதற்கு ஒரு நாள் போதும்.

இரண்டாவது நாளை, புகார் சொன்ன அந்த ஆசிரியர்களுக்கு வையுங்கள். குழுவேலையின் முதல் பத்து நிமிடத்தை அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். நேரமில்லை என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். விடாதீர்கள். உங்கள் துறைத் தலைவரின் கையெழுத்தோடு அழைப்பை அனுப்புங்கள். ஒருவர் வந்தாலும் அவர் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.