லோடரில் கிராப்பிள் மாட்டப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

டிராக்டரின் முன்னால் பாரம் தூக்கும் இரும்புக் கைகளான லோடரில் பக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கிராப்பிள் மாட்டி ஓட்டுவது எனக்குப் பல வருடப் பழக்கம். முள்புதர், வெட்டிப் போட்ட மரம், நிலத்தில் கிடக்கும் கல், துருப்பிடித்த வேலிக்கம்பிச் சுருள் என்று எல்லாவற்றையும் கவ்வித் தூக்கியாயிற்று. செய்யக் கூடாத தப்புகளில் பாதியைச் செய்தும் பார்த்தாயிற்று. வந்த கேள்விகளுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

கேள்வி: பக்கெட்டே இருக்கிறதே, எதற்குத் தனியாகக் கிராப்பிள்?

பதில்: பக்கெட் அள்ளும், பிடிக்காது. மண், மணல், எரு என்றால் அது போதும். கிளையும் புதரும் பக்கெட்டில் நிற்காது. நாலு அடி நகர்ந்ததும் பாதி கீழே விழும், இறங்கி எடுத்துப் போட வேண்டும். கிராப்பிளில் கீழே முட்கள் மாதிரி இரும்புப் பற்கள், மேலே ஹைட்ராலிக் சிலிண்டரால் மூடித் திறக்கும் தாடை. கவ்விவிட்டால் கவ்வியதுதான். சீட்டை விட்டு இறங்காமலே வேலை முடியும். மண் அள்ளுவது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, என்னுடையது 35 குதிரைத்திறன் டிராக்டர். லோடர் 600 கிலோ தூக்கும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. 250 கிலோ எடையில் நல்ல தடித்த இரும்பில் ஒரு கிராப்பிள் பார்த்து வைத்திருக்கிறேன். காலத்துக்கும் வளையாது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கிராப்பிள் வளையாது தம்பி, டிராக்டர்தான் திணறும். முதலில் அந்த 600 எங்கே அளந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் லோடர் கையின் நுனியில், பக்கெட்டைக் கோக்கும் பின் (pin) இருக்கும் இடத்தில் அளந்த எண்ணைத்தான் பெரிதாகப் போடுவார்கள். நீங்கள் தூக்கும் பாரம் பின்னில் தொங்கப் போவதில்லை, அதற்கு முன்னால் அரை மீட்டராவது தள்ளி இருக்கும். கையேட்டின் உள்ளே தேடினால் 50 சென்டிமீட்டர் முன்னால் எவ்வளவு தூக்கும் என்று இன்னொரு எண் இருக்கும். அது கணிசமாகக் குறைவாக இருக்கும். ஒரு பேச்சுக்கு 450 என்று வைத்துக்கொள்வோம். அதில் கிராப்பிளின் எடையே 250. மிச்சம் 200 கிலோ.

40 சென்டிமீட்டர் விட்டம், 3 மீட்டர் நீளமுள்ள பச்சை மரத்துண்டு ஒன்று ஏறக்குறைய 350 கிலோ வரும். 60 சென்டிமீட்டர் உருண்டைக் கல் 300 கிலோ. இரண்டுமே உங்களால் ஆகாது. அதே டிராக்டரில் 130 கிலோ கிராப்பிள் இருந்தால் 320 கிலோ வரை கை கொடுக்கும், கல்லாவது எழும்பும்.

இன்னொன்று. அந்த எண் பக்கெட்டோடு சேர்த்து அளந்ததா, பக்கெட் இல்லாமலா என்று சிறு எழுத்தில் இருக்கும். பக்கெட்டோடு என்றால் பக்கெட் எடைக்கும் கிராப்பிள் எடைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கழித்தால் போதும். பக்கெட் இல்லாமல் என்றால் முழு எடையும் போகும். கிராப்பிள் விற்பவர் தன் இரும்பின் கனத்தைப் பற்றித்தான் பேசுவார். உங்கள் லோடரின் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

கேள்வி: எத்தனையோ வகை இருக்கிறதே, எதை எடுப்பது?

பதில்: அடிப்பாகத்தைப் பாருங்கள். அடி திறந்து, பற்கள் நேராக முன்னால் நீண்டிருந்தால் அது வேருக்கும் புதருக்கும் ஆனது. மண் இடைவெளியில் உதிர்ந்துவிடும், குப்பை மட்டும் நிற்கும். பற்கள் நெருக்கமாக, அடி ஜல்லடை போல இருந்தால் கல் பொறுக்க. பக்கெட்டின் மேலேயே தாடை வைத்தது இடிபாடு, எரு, துண்டு துணுக்கு எல்லாம் கலந்து கிடக்கும் இடத்துக்கு. ஆனால் அது எடை கூடுதல், புதருக்குள் நுழையவும் சிரமம். ஒன்றே ஒன்று வாங்க முடியும், வேலை கலவையாக இருக்கும் என்றால் திறந்த அடி கொண்ட வேர்க் கிராப்பிள்தான் என் தேர்வு. பல்லுக்குப் பல் இடைவெளியை விடச் சிறிய கல் எதையும் அது பிடிக்காது என்பதைத் தெரிந்தே வாங்குங்கள்.

கேள்வி: தாடை ஒன்றா, இரண்டா?

பதில்: இரண்டு தாடை தனித்தனியாக மூடும். ஒரு பக்கம் தடித்த மரம், மறு பக்கம் மெலிந்த கிளை என்றாலும் இரண்டையும் பிடிக்கும். மூடும்போது ஒன்று முந்திக்கொண்டு ஓடும், மற்றது அப்புறம் வரும். பழுது என்று பயப்பட வேண்டாம், எண்ணெய் எளிதான பக்கம் முதலில் போகிறது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு தாடைக்கு இரண்டு சிலிண்டர், இரண்டு மடங்கு ஹோஸ், கூடுதல் எடை. 4 அடி அகலக் கிராப்பிளுக்கு நடுவில் ஒரு தாடை போதும். 5 அடிக்கு மேல் போனால் இரண்டைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: அகலம் டயருக்கு வெளியே வரை இருக்க வேண்டாமா?

பதில்: பக்கெட்டுக்கு அது சரி. கிராப்பிளுக்குக் கட்டாயம் இல்லை. குறுகியதாக இருந்தால் எடையும் குறையும், வேரைக் கிளப்பும்போது விசை சில பற்களிலேயே குவியும், மரங்களுக்கு நடுவே நுழையவும் முடியும். புதரைத் தள்ளிக்கொண்டே போகிற வேலைதான் அதிகம் என்றால் மட்டும் டயர் அகலத்துக்கு எடுங்கள். இல்லையென்றால் தள்ளாமல் விட்ட முள் நேராக முன் டயருக்கு வரும்.

கேள்வி: ஐயா, என் லோடரில் ஒரே ஒரு ஜாய்ஸ்டிக். அதில் கிராப்பிள் எப்படி வேலை செய்யும்?

பதில்: இந்த இடத்தில்தான் பாதிப் பேர் கிராப்பிளை வாங்கி வந்த பிறகு தலையில் கை வைக்கிறார்கள். ஜாய்ஸ்டிக்கில் இரண்டு வேலைகள் உண்டு: மேலே கீழே, அப்புறம் பக்கெட்டைச் சுருட்டுவது (டிராக்டர் பக்கம் மடக்குவது) கவிழ்ப்பது. தாடையை மூடித் திறக்க மூன்றாவதாக ஒரு எண்ணெய்ப் பாதை வேண்டும். அதற்கு மூன்று வழி.

முதல் வழி, பின்னால் மாட்டும் கருவிகளுக்கு எண்ணெய் தரும் ரிமோட் வால்விலிருந்து இரண்டு ஹோஸை டிராக்டரின் உடம்போடு ஒட்டி முன்னால் கொண்டுவருவது. எளிமையானது. ஆனால் தாடைக்காக ஒவ்வொரு முறையும் பின் லீவருக்குக் கையை மாற்ற வேண்டும். அந்த லீவர் தானாகப் பூட்டி நிற்கும் வகை என்றால் பூட்டியபடி விட்டுவிடாதீர்கள். தாடை மூடி முடிந்த பிறகும் பம்ப் எண்ணெயை அழுத்திக்கொண்டே இருக்கும், எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகும்.

இரண்டாவது, திசைமாற்று வால்வு. சுருட்டும் பாதையில் ஒரு மின் வால்வை வைத்து, ஜாய்ஸ்டிக்கில் ஒரு பட்டன். பட்டனை அழுத்தியிருக்கும் வரை அந்த எண்ணெய் தாடைக்குப் போகும், விட்டால் பழையபடி சுருட்டும். குறை என்னவென்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

மூன்றாவது, தனி வால்வு வைத்த முழுமையான மூன்றாம் ஃபங்ஷன். சுருட்டிக்கொண்டே மூடலாம். நாள் முழுக்கப் புதர் வேலை என்றால் இதுதான் சுகம். பம்பிலிருந்து எண்ணெய் எடுக்கும் இணைப்பும், டேங்குக்குத் திரும்பும் இணைப்பும் சரியாகப் போட வேண்டும். இதில் குழாயை மாற்றிப் போட்டால் பம்பே போகும். அதனால் உங்கள் மாடலுக்கு என்றே வரும் செட்டை வாங்குங்கள்.

கேள்வி: என் டிராக்டரின் பம்ப் சிறியது. கவ்வும் பலம் குறையுமா?

பதில்: குறையாது. பிடிப்பைத் தருவது அழுத்தம். எண்ணெயின் அளவு வேகத்தைத்தான் தரும். சிறிய பம்ப் என்றால் தாடை மெதுவாக மூடும். மெதுவாக மூடுவது நல்லதுதான், என்னைக் கேட்டால்.

கேள்வி: காலையில் மாட்டிய ஹோஸ் கப்ளர் (ஹோஸை இணைக்கும் முனை) மதியம் மாட்ட வரவில்லை. உடைந்துவிட்டதா?

பதில்: வெயிலில் போட்டு வைத்தீர்களா? ஹோஸுக்குள் அடைபட்ட எண்ணெய் சூட்டில் விரிந்து கப்ளரை உள்ளிருந்து தள்ளுகிறது. டிராக்டர் பக்கத்து அழுத்தத்துக்கு, என்ஜினை நிறுத்திவிட்டு லீவரை இரு பக்கமும் நாலைந்து முறை அசையுங்கள். மின் பட்டன் வகை என்றால் சாவியை ஆன் செய்து பட்டனை அழுத்த வேண்டும். கிராப்பிள் பக்கத்து ஹோஸ் என்றால் நிழலில் ஆறும் வரை பொறுங்கள். கழற்றுவதற்கு முன்பே அழுத்தத்தை இறக்கிவிடும் பழக்கம் வந்தால் இந்தத் தொல்லையே பாதி குறையும். சுத்தியலால் தட்டாதீர்கள், ப்ளீஸ்.

கேள்வி: மரத்தைத் தூக்கியதும் பின் சக்கரம் லேசாகிற மாதிரி இருக்கிறது. பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருக்கிறேன், அது போதாதா?

பதில்: போதாது. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே மாட்டியிருக்கிறேன்.

முன்னால் பாரம் ஏறும்போது முன் அச்சுதான் தராசின் நடுமுள். ஒரு பக்கம் கிராப்பிளும் பாரமும், மறு பக்கம் டிராக்டரின் பின்பாகம். டயரில் தண்ணீர் நிரப்பினால் பின் சக்கரம் தரையை நன்றாக அழுத்தும், நல்லதுதான். ஆனால் அந்த எடை பின் அச்சின் மேலேயே உட்காருவதால் முன் அச்சின் சுமை ஒரு கிலோ கூடக் குறையாது. பின்னால் கருவி மாட்டும் த்ரீ பாயின்ட் லிங்கேஜில் எடைப் பெட்டியோ ரொட்டவேட்டரோ மாட்டினால், அது பின் அச்சுக்கும் பின்னால் தொங்கி, முன் அச்சின் மேல் உள்ள பாரத்தையும் கொஞ்சம் எடுத்துவிடும். எவ்வளவு எடை மாட்ட வேண்டும் என்று லோடர் கையேட்டிலேயே இருக்கும்.

அடுத்தது பிரேக். பல டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான். பின்பக்கம் லேசானால் பிரேக் மிதித்தும் பயனில்லை, சக்கரம் சுற்றாமல் அப்படியே வழுக்கும். எனக்கு நடந்தது இதுதான். பின்னால் எடை இல்லை, நான்கு சக்கர ஓட்டமும் போடவில்லை, சின்ன இறக்கம், முன்னால் ஒரு பெரிய அடிமரம். பிரேக் மிதித்தேன், வண்டி கேட்கவில்லை. சட்டென்று கிராப்பிளைத் தரையில் இறக்கியதால் நின்றது. மரம் என்னவோ பத்திரமாக இருந்தது, எனக்குத்தான் அரை மணி நேரம் கை நடுக்கம் போகவில்லை. நான்கு சக்கர ஓட்டம் போட்டிருந்தால் முன் சக்கரங்களும் பிரேக்கோடு சேர்ந்து பிடித்திருக்கும். லோடரில் பாரம் இருக்கும் வரை அதைப் போட்டே ஓட்டுங்கள்.

கேள்வி: மேட்டு நிலத்தில்?

பதில்: பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம். ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது பின்னோக்கி. குறுக்கே போகாதீர்கள். பாரத்தை எவ்வளவு தாழ்வாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. வண்டி கவிழ்ந்தால் உங்களைக் காக்கும் பாதுகாப்புச் சட்டகம் தூக்கி நிற்கட்டும், சீட் பெல்ட் இடுப்பில் இருக்கட்டும்.

கேள்வி: அடிக்கட்டையைப் பிடுங்கலாமா?

பதில்: கை கனத்துக்கு வரும் செடியின் கட்டை வரும். அதற்கு மேல் என்றால் சுற்றிலும் மண்ணைக் கிளறி, பக்க வேர்களை ஒவ்வொன்றாக அறுத்துவிட்டு, கடைசியில் கவ்வுங்கள். பல பேர் நேராகப் போய் ஓரத்தில் உள்ள ஒற்றைப் பல்லைக் கட்டைக்கடியில் குத்தி நெம்புவார்கள். முழு விசையும் ஒரு மூலையில் ஏறி லோடரின் கை முறுக்கிக்கொள்ளும். பல் வளைந்தால் நிமிர்த்தலாம், கை முறுக்கினால் நிமிர்த்துவது பெரும்பாடு. வேகமாக வந்து முட்டுவதும் வேண்டாம். பெரிய கட்டைகள் நிறைய இருந்தால் ஒரு நாள் எக்ஸ்கவேட்டரைக் கூப்பிடுவது உங்கள் லோடருக்குச் செய்யும் உதவி.

இதோடு சேர்ந்த இன்னொரு தப்பு: கிராப்பிளை முழுக்கக் கவிழ்த்து வைத்துப் பின்னோக்கி இழுப்பது. அப்போது சுருட்டும் சிலிண்டரின் தண்டு முழுதாக வெளியே நீண்டிருக்கும், எதிலாவது மாட்டினால் வளைந்துவிடும்.

கேள்வி: கவ்விய மரம் போகப் போகத் தளர்கிறது.

பதில்: தாடைச் சிலிண்டரின் உள் சீல் தேய்ந்திருக்கலாம், அல்லது வால்வு எண்ணெயை உள்ளுக்குள் கசிய விடலாம். எண்ணெய் திரும்பாமல் தடுக்கும் வால்வு ஒன்றைச் சிலிண்டர் பக்கம் வைத்தால், பின்னால் ஹோஸே வெடித்தாலும் பிடி விடாது. சரி, அதற்கு முன் ஒரு சந்தேகம்: ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த கிளைகளைக் கவ்வினீர்களா? ஓட்டத்தில் அவை நசுங்கி இடம் கொடுக்கும். போகும் வழியில் ஒரு தடவை பட்டனை அழுத்தி இறுக்கிக்கொண்டால் போதும்.

கேள்வி: ஹோஸில் எங்கோ எண்ணெய் கசிகிறது. இடம் தெரியவில்லை. தடவிப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. ஊசித்துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையுறை தடுக்காது. வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நடந்தால் வலி இல்லை என்று வீட்டில் இருக்காதீர்கள், அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. கசியும் இடத்தைத் தேட ஒரு அட்டைத் துண்டை நீளமாகப் பிடித்து நகர்த்திப் பாருங்கள், அட்டையில் நனைவது தெரியும். அப்புறம் கிராப்பிளைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, அழுத்தத்தை விடுவித்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

கேள்வி: தாடையில் ஆளை நிறுத்திக் கிளை வெட்டலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: என் டிராக்டரில் லோடரே இல்லை. பின்னால் மாட்டும் கிராப்பிள் உண்டாமே?

பதில்: உண்டு. த்ரீ பாயின்ட்டில் மாட்டுவது. பின் லிங்கேஜ் பல டிராக்டர்களில் முன் லோடரை விட அதிகம் தூக்கும், அதனால் மரம் இழுக்க நன்றாகவே உதவும். கழுத்தைத் திருப்பித் திருப்பி மாலையில் வலிக்கும். இங்கே முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது, அதனால் எடை முன்னால் வேண்டும். உயரம் அதிகம் கிடைக்காது, லாரியில் ஏற்ற நினைக்காதீர்கள்.

கேள்வி: பழையது ஒன்று கிடைக்கிறது. எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: முதலில் லோடரில் மாட்டும் தட்டு. ஸ்கிட் ஸ்டியர் வகை, யூரோ கொக்கி வகை, பின் (pin) போட்டு மாட்டும் வகை என்று உண்டு, ஒன்றில் மற்றது உட்காராது. அப்புறம் தாடைக் கீல்களின் பின்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நிறைய இருந்தால் கிரீஸ் பார்க்காத கிராப்பிள். பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறையாவது அடித்திருக்க வேண்டும். சிலிண்டர் தண்டில் கீறல் இருந்தால் சீல் நிற்காது. பற்களைப் பின்னால் நின்று ஒரே கண்ணோட்டத்தில் பாருங்கள், ஒன்று விலகியிருந்தால் வெல்டிங் அருகே விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். புது பெயின்ட் அடித்திருந்தால் வெல்டிங் ஓரங்களை இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள்.