அழிக்கும் கருவியை ஏஜென்ட் கையில் கொடுக்கும் முன்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நாலைந்து கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவு மென்பொருளைப் பராமரிக்கிறேன். பழைய பதிவுகளை நீக்க ‘கிளீனப் புக்கிங்ஸ்’ என்று ஒரு கருவி உண்டு. இதுவரை நான் மட்டுமே ஓட்டிவந்தேன். இப்போது அதை எம்சிபி (ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறை) வழியாக, தானே கருவிகளை ஓட்டி வேலை முடிக்கும் ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுக்கச் சொல்கிறார் முதலாளி. கருவியின் விளக்கத்தில் ‘பழைய முன்பதிவுகளைச் சுத்தம் செய்யும்’ என்ற ஒரு வரிதான் இருக்கிறது. போதுமா, ஐயா?
– ஒரு வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: போதாது. எது பழையது? நீங்கள் நிரலை எழுதியவர், உங்களுக்குத் தெரியும். ஏஜென்ட்டின் கண்ணில் படுவது கருவியின் பெயர், விளக்கம், அது கேட்கும் அளவுருக்கள் (தேதி, மண்டப எண் போல நிரப்ப வேண்டியவை), அவ்வளவுதான்.

நல்ல முகூர்த்தம் வேண்டுமென்றால் ஒன்றரை வருஷம் முன்பே மண்டபத்தைப் பிடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழையது என்றால் ‘12 மாதத்துக்கு முந்தையது’ என்று வைத்து, அதைப் பதிவு செய்த தேதியிலிருந்து கணக்கிட்டால் அடுத்த மாதம் நடக்க வேண்டிய கல்யாணம் பட்டியலிலிருந்து போய்விடும். அதே நாளுக்கு இன்னொருவர் பணம் கட்டிய பிறகுதான் சங்கதி வெளியே வரும். ஆகவே, நிகழ்ச்சித் தேதியா, பதிவுத் தேதியா என்று சொல்லிவிடுங்கள். கொடுத்த தேதியும் அதில் சேருமா என்றும் சொல்லுங்கள். நேர மண்டலத்தையும் விடாதீர்கள். நாம் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தைவிட 2 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மார்ச் 1 அதிகாலை 1 மணிக்கு வந்த பதிவு, யூடிசியில் சேமிக்கும் டேட்டாபேஸில் பிப்ரவரிக் கணக்கில் கிடக்கும்.

விளக்கத்தை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். பொருள் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

‘ஒரு மண்டபத்தில், நிகழ்ச்சித் தேதி கொடுத்த தேதிக்கு முன்பாக உள்ள முன்பதிவுகளை நிரந்தரமாக அழிக்கும், கொடுத்த தேதி சேராது. வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி, அடையாள எண்ணும் போகும். பண ரசீதுகளைத் தொடாது. மீட்க முடியாது. ரத்தான பதிவைப் பார்வையிலிருந்து மறைக்க மட்டும் வேண்டுமானால் ஆர்க்கைவ் கருவியைப் பயன்படுத்தவும். மண்டப எண் இல்லாவிட்டால் ஓடாது.’

ரசீதுகளை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். வரி விதிப்படி, கணக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். மறுபக்கம், தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான போபியா சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வைத்திருக்க உரிமை முடிந்த தனிநபர் தகவலை மீண்டும் உருவாக்க முடியாதபடி அழிக்கவோ, அடையாளம் நீக்கவோ சொல்கிறது. அதனால் உங்கள் கருவி நிரந்தரமாக அழிப்பதில் தப்பில்லை. எதை விட்டுவைக்கிறது என்பதும் விளக்கத்தில் இருக்க வேண்டும், நிரலும் அப்படியே நடக்க வேண்டும்.

மண்டப எண்ணுக்கு வருவோம். பல கருவிகளில் ‘எந்த மண்டபம்’ என்பது போன்ற வடிகட்டியை விட்டுவிட்டால் ‘எல்லாம்’ என்று பொருள். கட்டாயமில்லாத அளவுருவை ஏஜென்ட் விட்டுவிடுவது சாதாரணமாக நடப்பதுதான். அப்புறம் எல்லா மண்டபத்துப் பதிவும் ஒரே அடியில் காலி. விளக்கத்தில் எச்சரித்தால் போதாது, கருவியே மறுக்க வேண்டும்.

‘மீட்கலாமா’ என்பதைப் பழக்கத்தில் எழுதாதீர்கள். அட்டவணையையே காலி செய்யும் ட்ரன்கேட் கட்டளையை ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் கொடுத்தால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸில் ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திருப்பலாம், மைஎஸ்கியூஎல்லில் முடியாது. பேக்கப் இருக்கிறது என்பதற்காக ‘மீட்கலாம்’ என்று எழுதினால், ஏஜென்ட் அதை அனுமதியாகவே எடுத்துக்கொள்ளும். அதேபோல ‘மிக மிக ஆபத்து!’ என்று கத்தும் வரியாலும் பயனில்லை. ஆபத்து எது என்று அது சொல்வதில்லையே.

‘கன்ஃபர்ம்’ என்று ஒரு ட்ரூ/ஃபால்ஸ் (ஆம்/இல்லை) அளவுரு வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் வைக்கிறார்கள். ஏஜென்ட் அதைத் தானே ‘ட்ரூ’ என்று நிரப்பிக்கொள்ளும். எந்த மனிதரும் சரி சொன்னதாக ஆகாது. கருவியை இரண்டாகப் பிரியுங்கள். முதலாவது, எந்தெந்தப் பதிவுகள் போகும் என்று எண்ணிக்கையோடு காட்டி ஒரு டோக்கன், அதாவது அந்தப் பட்டியலுக்கான அடையாளக் குறியீடு, தரும். எதையும் அழிக்காது. இரண்டாவது அந்த டோக்கனை மட்டும் வாங்கும். பத்து நிமிஷத்தில் டோக்கன் காலாவதியாகட்டும், இடையில் பட்டியல் மாறினாலும் செல்லாமல் போகட்டும்.

பிழைச் செய்தியும் ஆவணம்தான், இதை யாரும் யோசிப்பதில்லை. ‘எதிர்காலப் பதிவுகள் உள்ளன. மீறுவதற்கு ஃபோர்ஸ் பயன்படுத்துக’ என்று பிழை வந்தால், வேலையை முடிக்கத் துடிக்கும் ஏஜென்ட் அடுத்த அழைப்பிலேயே ஃபோர்ஸ் போடும். பூட்டின் மேலேயே சாவியை ஒட்டிவைத்த கதைதான். ‘எதிர்காலப் பதிவுகள் 3 உள்ளன. எதுவும் அழிக்கப்படவில்லை. பயனரிடம் கேட்கவும்’ என்று எழுதுங்கள்.

நடுவில் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வரி தேவை. லோட் ஷெட்டிங் என்னும் மின்வெட்டு ஓரளவு ஓய்ந்துவிட்டது, ஆனாலும் இணைய லைன் போகாத ஊர் எது? பதில் வராவிட்டால் ஏஜென்ட் மறுபடி கூப்பிடும். ஒன்று முழுசாக நடக்கட்டும், அல்லது எதுவுமே நடக்காதிருக்கட்டும். அதே டோக்கனோடு மறுபடி வந்தால், ‘ஏற்கெனவே முடிந்தது, 38 பதிவுகள் நீக்கப்பட்டன’ என்பது போலச் சொன்னால் போதும்.

எம்சிபியில் 2025 மார்ச் பதிப்பிலிருந்து கருவிக்குக் குறிப்புகள் இடலாம். பட்டியல் காட்டும் முதல் கருவிக்கு ‘ரீட் ஒன்லி ஹின்ட்’ (படிக்க மட்டும்), அழிக்கும் இரண்டாவதற்கு ‘டெஸ்ட்ரக்டிவ் ஹின்ட்’ (அழிக்கக்கூடியது) போடுங்கள். இவை வெறும் குறிப்புதான், எதையும் தடுக்காது. பெயரையும் ‘டிலீட் பாஸ்ட் புக்கிங்ஸ் பெர்மனென்ட்லி’ என்று மாற்றிவிடுங்கள். நீளம்தான், பரவாயில்லை. ஏஜென்ட்டுக்கென்று தனி டேட்டாபேஸ் பயனர் கணக்கு திறந்து, முன்பதிவு அட்டவணைகளுக்கு மட்டும் அழிக்கும் உரிமை கொடுங்கள்.

எழுதி முடித்ததும், நிரலைப் பார்க்காத ஒருவரிடம் விளக்கத்தை மட்டும் கொடுத்து, பத்துப் போலிப் பதிவுகளைக் காட்டி எவை போகும் என்று கேளுங்கள். அடுத்த வருஷக் கல்யாணம் ஒன்று, மார்ச் 1 அதிகாலைப் பதிவு ஒன்று, ரத்தானது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அவர் சொல்வதும் கருவி செய்வதும் பொருந்தாத இடத்தில் விளக்கத்தைத் திருத்துங்கள். பிறகு அதே பத்தை ஏஜென்ட்டிடமும் கேளுங்கள், டெஸ்ட் டேட்டாபேஸில்.