கண் திறந்திருக்கிறது, எண்கள் மனதில் ஏறவில்லை

கேள்வி: எனக்கு வயது 36. விண்கலக் கட்டுப்பாட்டு மையத்தில் ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்டில் அதிகாலை நான்கு மணிக்குத் திரையில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒன்றும் மனதில் ஏறுவதில்லை. பகலில் நான்கைந்து மணி நேரம்தான் தூக்கம். பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் வந்த ஓர் எச்சரிக்கையை ஒரு நிமிடம் கழித்தே கவனித்தேன். தூக்கம் வராமல் இருக்க மாத்திரை போடலாமா?

பதில்: அந்த ஒரு நிமிடத்தை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. மாத்திரைக்குப் பிறகு வருகிறேன். 'பழகிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்களே, என்னைக் கவலைப்பட வைப்பது அதுதான்.

2003-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களை இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் மட்டுமே தூங்க விட்டார்கள். அவர்களுடைய கவனம் நாளுக்கு நாள் இறங்கியது. ஆனால் தூக்கக் கலக்கம் எப்படி என்று கேட்டால், சில நாளுக்குப் பிறகு அது கூடியதாகவே அவர்கள் சொல்லவில்லை. களைத்த மூளைக்குத் தன் களைப்பை அளக்கத் தெரிவதில்லை. ஆறு மணி நேரத்துக்கே இந்த நிலை என்றால், உங்களுடைய நான்கைந்தை யோசித்துப் பாருங்கள்.

நானும் இரவுப் பணி பார்த்தவன். நோயாளி வந்துவிட்டால் எழுந்து ஓடுவோம், தூக்கம் கலைந்துவிடும். உங்களுக்கு அந்த வசதி இல்லை. எதுவும் நடக்காத பல மணி நேரம் உட்கார்ந்து, எப்போதோ வரும் ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டும். தூக்கக் குறைவு முதலில் கெடுப்பது இந்தக் காத்திருக்கும் கவனத்தைத்தான். அதிகாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் உடல் வெப்பம் மிகவும் இறங்கும். அந்த நேரத்தில் கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடி உறங்கிவிடும். இது சோம்பேறித்தனம் அல்ல.

1986 ஜனவரி 6 அன்று நாசாவின் கொலம்பியா விண்ணோடம் ஏவப்படுவதற்கு 31 நொடி இருக்கும்போது நிறுத்தப்பட்டது. கட்டுப்பாட்டுப் பணியாளர்களின் தவறால் சுமார் 8,000 கிலோ திரவ ஆக்சிஜன் வெளியேறியிருந்தது. அவர்கள் தொடர்ந்து மூன்றாவது நாளாகப் பன்னிரண்டு மணி நேர நைட் ஷிஃப்டில் இருந்தவர்கள். பணிக்கு வந்து பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது. அதே மாதம் நடந்த சேலஞ்சர் விண்ணோட விபத்தை ஆராய்ந்த ரோஜர்ஸ் ஆணையம், கொலம்பியாவில் நடந்த இந்தத் தவறுக்குக் களைப்பை முக்கியக் காரணங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. திறமையானவர்களுக்கே நடந்தது இது. எனவே உங்கள் ஒரு நிமிடத்தைத் தனிப்பட்ட தவறாக மனதில் பூட்டி வைக்காதீர்கள், மேலதிகாரியிடம் சொல்லுங்கள். ஷிஃப்ட் அட்டவணையை நீங்கள் தனியாக மாற்ற முடியாது. காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும் முறை பின்னோக்கிச் சுழல்வதைவிட உடலுக்கு எளிது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் கையில் இருப்பவை: நைட் ஷிஃப்டுக்குப் புறப்படும் முன் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். இடைவேளையில் இருக்கையை இன்னொருவர் ஏற்றுக்கொள்வார் என்றால், 20 நிமிடக் குட்டித் தூக்கம் போடலாம். ஆனால் எழுந்தவுடன் திரை முன் போய் உட்காராதீர்கள். தூக்க மப்பு தெளியக் கால் மணி நேரமாவது வேண்டும். காபியை ஷிஃப்டின் முதல் பாதியில், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். குடித்ததில் பாதி கரையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். விடியற்காலைக் காபிதான் உங்கள் பகல் தூக்கத்தைத் தின்கிறது என்று நினைக்கிறேன். ஷிஃப்ட் முடிந்ததும் வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். படுக்கையறை நன்றாக இருட்டாக இருக்கட்டும், போன் வெளியே இருக்கட்டும்.

விழிப்பு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அது கலக்கத்தை மறைக்குமே தவிர, தூக்கக் கடனை அடைக்காது. இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் கூடலாம். சிலருக்கு அது தேவைப்படலாம், ஆனால் பரிசோதித்த பிறகே.

நீங்கள் குறட்டை விடுவீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். ஆம் என்றால் தூக்கப் பரிசோதனை அவசியம். இல்லாவிட்டாலும் இரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று இரண்டு வாரம் குறித்து வைத்து, அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள்.