தூதுவளை வளர்ப்பு: கேள்வி பதில்

மொட்டை மாடியில் பல வருடமாகத் தூதுவளை வளர்க்கிறேன். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாம்பரத்திலிருந்து: அக்கா, நர்சரியில் தூதுவளை என்று கொடுத்த செடி தரையிலேயே படர்கிறது. பழம் மஞ்சளாக இருக்கிறதே?

அது கண்டங்கத்திரிம்மா. இரண்டும் கத்தரிக் குடும்பம், பூவும் ஊதா, அதனால் குழம்புவது சகஜம். முள்ளைப் பாருங்கள். கண்டங்கத்திரிக்கு ஊசி மாதிரி நேராக நிற்கும். தூதுவளைக்குப் பூனை நகம் போல வளைந்திருக்கும். அதைக் கொண்டுதான் பக்கத்தில் இருப்பதைப் பற்றி ஏறும். பழம் நல்ல சிவப்பு. உங்களிடம் இருப்பதும் மூலிகைதான், ஆனால் தூதுவளை என்று நினைத்து ரசத்தில் போட்டுவிடாதீர்கள்.

மதுரையிலிருந்து: விதையா, குச்சியா?

குச்சி. பென்சில் கனத்தில் முற்றிய தண்டாக, நாலு கணு இருக்கும்படி வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு நிழலில் வையுங்கள். தளிர் வந்ததும் இழுத்துப் பார்க்காதீர்கள். வேர் அதற்குப் பிறகுதான் பிடிக்கும். விதைதான் கிடைத்தது என்றால் பழத்தைப் பிசைந்து, கழுவி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். முளைப்பு முன்னே பின்னே இருக்கும், பொறுமை வேண்டும்.

கோவையிலிருந்து: இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது. ஆரஞ்சு நிறத்தில் புள்ளி வைத்த வண்டு இருக்கிறது. அது நன்மை செய்யும் பொறிவண்டு என்கிறார்களே?

நன்மை செய்யும் பொறிவண்டு வேறு, இது வேறு. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் முதுகு மெருகு போட்டது போலப் பளபளக்கும். உங்கள் செடியில் இருப்பது கத்தரிக்கு வரும் புள்ளி வண்டு. முதுகு மங்கலாக, மெல்லிய ரோமத்தோடு இருக்கும். பெரும்பாலும் 28 புள்ளிகள். இலையைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் முட்டைகள் கொத்தாக, செங்குத்தாக நிற்கும். அதிலிருந்து வரும் மஞ்சள் புழுவின் உடம்பெல்லாம் கிளைத்த முள். அது பச்சையத்தைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் விட்டுவைக்கும். அதுதான் நீங்கள் பார்த்த சல்லடை.

முட்டை உள்ள இலையைக் கிள்ளி நசுக்கிவிடுங்கள். காலையில் வண்டு மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீர்க் குவளையைக் கீழே பிடித்துக்கொண்டு கொடியைத் தட்டினால் பாதி உதிர்ந்துவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், அது கலக்க நாலு சொட்டு சோப்புத் திரவம் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். ஒரு வாரம் இலை பறிக்க வேண்டாம். நாம் வாயில் போடும் கீரை, பூச்சிக்கொல்லி பக்கமே போகாதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து: கொடி நீளமாகப் போகிறது, இலை சின்னதாக, முரடாக வருகிறது.

வெட்ட மனசு வராமல் விட்டிருப்பீர்கள். முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு ஒரு கை தொழு உரம் போடுங்கள். பக்கக் கிளைகளில் வரும் தளிர்தான் சமையலுக்கு ருசி. வெட்டும்போது முள் மாட்டினால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இன்னும் ஆழமாக ஏறும். கையை முள்ளின் போக்கிலேயே கொஞ்சம் தள்ளி விடுவியுங்கள்.

சேலத்திலிருந்து: தினமும் தண்ணீர் ஊற்றலாமா?

மேல் மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

தஞ்சாவூரிலிருந்து: இலையில் இருக்கும் முள்ளை என்ன செய்வது?

பெரும்பாலும் நடு நரம்பை ஒட்டி இருக்கும். காம்பைப் பிடித்து, கத்திரிக்கோலால் முள்ளை நறுக்கிவிட்டு நெய்யில் வதக்குங்கள். துவையலுக்கு நன்றாக மைய அரைக்க வேண்டும். ரசத்துக்குப் பத்துப் பதினைந்து இலை போதும்.

வேலூரிலிருந்து: என் மகனுக்கு வீசிங். இன்ஹேலரை நிறுத்திவிட்டு இதையே கொடுக்கலாமா?

வேண்டாம்மா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். சளி பிடித்த நாளில் தூதுவளை ரசம் நம் வீடுகளில் காலங்காலமாக வைப்பதுதான். ஆனால் மூச்சிரைப்பு திடீரென்று முற்றினால் ரசம் காப்பாற்றாது. பிள்ளையின் டாக்டரிடம் சொல்லி, அவர் சரி என்றால் சாப்பாட்டோடு கொடுங்கள். இன்ஹேலர் எப்போதும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.